மூன்று இயங்குதளம், ஒரு பில்ட் அறை: டெல்டாவில் வைத்துப் பராமரிக்கும் முறை

ஒரு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டித் தரும் மென்பொருள்) பில்ட் ஆகாமல், அதாவது கோடிலிருந்து ஓடும் நிரலாக மாறாமல், தோல்வி என்று சிவப்பு விழுந்தால், பார்க்கிறவர் மனதில் முதலில் எழ வேண்டிய கேள்வி "கோடில் என்ன கோளாறு?" என்பதுதான். "மெஷின் மறுபடி மக்கர் பண்ணுகிறதோ" என்று ஒருமுறை தோன்ற ஆரம்பித்துவிட்டால் போச்சு. அதற்கப்புறம் வரும் சிவப்பு எதையும் யாரும் மதிக்க மாட்டார்கள், இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், பச்சை வந்ததும் வெளியிட்டுவிடுவார்கள், உண்மையான கோளாறு அப்படியே பயனர் கணினிக்குப் போய் இறங்கும். பில்ட் மெஷின்களைப் பராமரிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இது ஒன்றுதான்: சிவப்பு விழுந்தால் நம்பலாம், பச்சை வந்தாலும் நம்பலாம் என்ற நிலையைக் காப்பாற்றுவது. கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நாங்கள் சில பேர் சேர்ந்து, தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) சம்பந்தமான மென்பொருள்களையும் அவற்றுக்கு அடியில் இருக்கும் லைப்ரரிகளையும் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்புகள்) லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்கும் பேக்கேஜ் கட்டி வெளியிடுகிறோம். மெஷின்கள் கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடி அறையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாடகை சர்வரில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சொந்த மெஷினில் கட்டினால் மாதாமாதம் பில் வராது, லாக்கைத் தோண்டி எடுக்கலாம், ஃபேனைக் கூடக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் கரண்ட், இடி, ஈரப்பதம், தூசி எல்லாம் நம் பொறுப்பாகிவிடும். எனவே முதலில் அது.

யூபிஎஸ் எதற்கு என்பதில் தெளிவாக இருங்கள். கரண்ட் போனபிறகும் பில்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, மெஷின் ஒழுங்காக அணைய வேண்டும் என்பதற்காக. யூபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி கேபிளை ஒரு மெஷினில் செருகி, பேட்டரிக்கு மாறிவிட்டது என்ற செய்தி வந்ததும் வரிசையாக நான்கு காரியம் நடக்கும்படி எழுதி வையுங்கள்: புது வேலை வாங்குவதை நிறுத்து, கொஞ்ச நேரம் பொறு, ஏனென்றால் பாதி கரண்ட் கட் ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும், திரும்பவில்லை என்றால் ஓடுகிற பில்ட்டுகளை நிறுத்தி, "தோல்வி" என்று எழுதாமல் "மெஷின் காரணம்" என்று குறித்து, வரிசையில் திரும்பப் போடு, வட்டில் (டிஸ்க்கில்) எழுத வேண்டியதை எழுதி முடித்து அணை. மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் முக்கியம் அதுதான். கரண்ட் போன மாலையில் பதினைந்து பேக்கேஜ் சிவப்பாகிக் கிடந்தால், அடுத்த நாள் அந்தப் பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்பவர்கள் பதினைந்து பேரும் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரை மின்தடை என்று முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் பெரிய பில்ட் எதையும் ஆரம்பிக்காதீர்கள். திடீர் தடையை விட மோசமானது, கோடையில் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கி இறங்கி ஏறுவது. மெஷின் அணையாது, ஆனால் ரீஸ்டார்ட் ஆகும், இல்லாவிட்டால் யூபிஎஸ் நிமிடத்துக்கொரு முறை பேட்டரிக்குத் தாவித் தாவி பேட்டரியையே தின்றுவிடும். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டப் பார்த்தால் அது ப்யூர் சைன்வேவ்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

இடி விஷயத்தில் எர்த் சரியாக இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுவதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி, நெட்வொர்க் கேபிள் வழியாக வருவது. இணையம் ஃபைபரில் வந்தாலும், சுவரில் மாட்டிய பெட்டியின் அடாப்டர் வீட்டு கரண்டில்தான் செருகியிருக்கிறது, அங்கே அடித்தால் அங்கிருந்து ஈதர்நெட் கம்பி வழியாக மெஷின் வரை வரும். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் ஓடும் நீளமான கேபிளை ஃபைபராக மாற்றி, இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துவிடுங்கள். செலவு அதிகமில்லை.

வெப்பமும் தூசியும் மெஷினைச் சட்டென்று கொல்லாது, முதலில் பில்ட்டைத்தான் கெடுக்கும். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்தால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; பத்து விநாடியில் முடிய வேண்டிய டெஸ்ட் முப்பது விநாடி எடுத்து டைம்அவுட் ஆகும்; லாக்கில் அது பேக்கேஜின் பிழை மாதிரியே தெரியும். குறுவை அறுப்பின் போதும், பொங்கலுக்கப்புறம் சம்பா அறுப்பின் போதும் வயல் பக்கத்து வீடுகளில் வைக்கோல் தூசி எப்படி வரும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அறுப்பும் முடிந்ததும் மெஷினைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு பில்ட் லாக்கின் தலைப்பிலும் அந்த நேரத்து பிராசஸர் வெப்பநிலையும் வேகமும் பதிவாகும்படி ஒரு வரி சேர்த்துவிட்டால், டைம்அவுட் வரும்போது யாரைக் குற்றம் சொல்வது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கரண்ட் திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்த பழைய மெஷின் எழுந்ததும் பல வருஷம் பின்னால் போய்த் தேதி காட்டும். அந்தத் தேதியில் எந்த வலைத்தளத்தின் சான்றிதழும் செல்லாது, சோர்ஸ் (மென்பொருளின் மூலக் கோடு) இறங்காது. கோப்புகளெல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை என்று 'make' என்ற பில்ட் கருவி குழம்பும். நேரம் சரியான பிறகுதான் வேலை வாங்க ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அடுத்தது, பாதியில் எழுதிய கோப்பு. வட்டில் பெயர் இருக்கும், அளவு 0 பைட் என்றிருக்கும். பெயர் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு "இது ஏற்கெனவே கட்டியாச்சு" என்று அடுத்த பில்ட் அதைத் தூக்கிக்கொண்டு போனால், கோளாறு வெடிப்பது சம்பந்தமே இல்லாத வேறு பேக்கேஜில். அதனால் எந்த வெளியீட்டையும் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்தி, அதன் பிறகே உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். மெஷின் எழுந்ததும் முதல் வேலையாக அரைகுறை பில்ட் ஃபோல்டர்களை அழித்துவிட்டு, கடைசி ஒரு நாளில் எழுதிய பேக்கேஜ்களின் செக்சம்மை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) சரிபார்த்து, பொருந்தாததைத் தூக்கி எறிய வேண்டும்.

சரி, மெஷின் நிலையாக ஓடுகிறது. இனி சோர்ஸ்.

சோர்ஸ் கோப்புகளை நீங்களே ஒரு பிரதி வைத்துக்கொள்ளாமல் பேக்கேஜ் வேலையில் இறங்காதீர்கள். பல திட்டங்களின் பைனரியை (கட்டி முடித்த நிரல்) தாங்கிக்கொண்டிருந்த பின்ட்ரே என்ற சேவை 2021 மே மாதம் மூடப்பட்டபோது, மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ போன்ற பெரிய திட்டமே அதற்கு முன்பு அவசரமாக வேறிடம் மாற வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 30 அன்று, திட்டங்கள் தங்கள் கோடை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் தானாகத் தயாரித்துத் தரும் சோர்ஸ் சுருக்கக் கோப்புகளின் செக்சம் மாறிப்போனது. உள்ளே இருந்த கோடு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, சுருக்கும் முறை மட்டும்தான் மாறியது, ஆனாலும் உலகம் முழுக்க பில்ட்டுகள் உடைந்தன, பிறகு பழையபடி மாற்றினார்கள். எனவே தானாக உருவாகும் சுருக்கக் கோப்பை நம்பாமல், திட்டத்தினர் தாங்களே ஏற்றிய வெளியீட்டுக் கோப்பை எடுத்து, செக்சம்மை ரெசிபியில் (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) எழுதி, பிரதியை நம் சேமிப்பில் வையுங்கள்.

அந்த வெளியீட்டுக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் விவகாரம் இருக்கிறது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவைத் திறந்துவிடும் வரிகள் வெளியீட்டுக் கோப்பில் இருந்தன, பொதுவில் எல்லோரும் பார்க்கும் கிட் (கோடின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரு பத்து இருபது லைப்ரரிகளுக்காவது, பதிப்பு மாறும்போது கிட்டில் உள்ளதையும் வெளியீட்டுக் கோப்பில் உள்ளதையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை ஒரு மனிதர் படித்துப் பார்க்கட்டும். அலுப்பான வேலைதான். இதைச் செய்கிறவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சோர்ஸ் இறங்கியபிறகு பில்ட் ஓடும் சூழலில் இணையத்தை முழுதாக அடைத்துவிடுங்கள். இப்போதெல்லாம் பல மென்பொருள்கள் பில்ட்டின் நடுவில் சத்தமில்லாமல் வெளியே போய் எதையாவது இறக்கிக்கொள்கின்றன. இன்று ஒன்று வரும், நாளை வேறொன்று வரும். அடைத்தபிறகு உடைகிற பேக்கேஜ்கள் எல்லாம் ஏற்கெனவே சரியில்லாமல் இருந்தவைதான்.

இனி மூன்று இயங்குதளம். லினக்ஸில் முக்கியமான விதி: பழையதில் கட்டினால் புதியதில் ஓடும், புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. காரணம் ஜிலிப்சி (glibc), லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி. ரொம்ப நாளாக எல்லோரும் சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் மேல் நின்றார்கள், அதில் ஜிலிப்சி 2.17. அதன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்து, பேக்கேஜ் முகவரிகளும் இடம் மாறிவிட்டதால், அந்த அடிப்படை இமேஜைப் புதிதாகக் கட்டப் போனாலே உடையும். இப்போது ஆல்மாலினக்ஸ் 8, ஜிலிப்சி 2.28 என்பது நியாயமான தரை (குறைந்தபட்சப் பதிப்பு). நம் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பழைய லினக்ஸ் இன்னும் ஓடுகிறது என்பதை மறந்து தரையை உயர்த்தாதீர்கள், உயர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டி முடித்த ஒவ்வொரு பைனரியும் எந்த ஜிலிப்சி பதிப்பைக் கேட்கிறது என்று பில்ட் முடிவில் தானாகச் சோதித்து, தரைக்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

மேக்கில் மெஷின் ஆப்பிளுடையதாகவே இருக்க வேண்டும், உரிமம் அப்படி. ஒரு மேக்குக்குள் கூடுதலாக இரண்டு மேக் மெய்நிகர் மெஷின் வரை வைக்கலாம். அதோடு எந்தக் குறைந்தபட்ச மேக் பதிப்புக்காகக் கட்டுகிறீர்கள் என்பதை எல்லா ரெசிபிக்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் பில்ட் மெஷினை அப்டேட் செய்த அன்றே பயனர்கள் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். மேக்கோடு வரும் பாஷ் (ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) இன்னும் 3.2தான், செட் (sed) என்ற உரை திருத்தும் கட்டளையும் பிஎஸ்டி யூனிக்ஸ் வகை, லினக்ஸில் ஓடிய ஸ்கிரிப்ட் அப்படியே ஓடாது.

'கில்டு' (Killed) என்று லாக்கில் ஒரு வரி வந்தால் எங்கே வந்தது என்று பாருங்கள். லினக்ஸில் கம்பைலர் ஓடும்போது வந்தால் அநேகமாக ரேம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது, அதாவது மெஷின் காரணம். எம்1, எம்2 (ஆப்பிளின் சொந்தப் பிராசஸர்) வகை மேக்கில், கட்டி முடித்த நிரலை ஓட்டிப் பார்க்கும்போது 'கில்டு: 9' என்று வந்தால் அநேகமாக டிஜிட்டல் கையெழுத்துப் பிரச்சினை: அந்தப் பிராசஸரில் எந்த நிரலும் ஒரு ஒப்புக்காவது கையெழுத்து இல்லாமல் ஓடாது, பைனரிக்குள் இருக்கும் லைப்ரரி பாதையை நாம் திருத்தினால் இருந்த கையெழுத்தும் செல்லாமல் போகலாம், திருத்தியபிறகு மறுபடி போட வேண்டும். இது பேக்கேஜ் கட்டும் ரெசிபியின் காரணம். ஒரே மாதிரி தெரியும் வரி, சரிசெய்ய வேண்டிய இடமும் ஆளும் வேறு வேறு.

ரேமுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சி++ என்றால் இணையாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் சுமார் 2 ஜிபி. 16 கோர் இருக்கிறது, ரேம் 16 ஜிபிதான் என்றால் எட்டு வேலைக்கு மேல் விடாதீர்கள். எல்எல்விஎம் (கம்பைலர் தொகுப்பு) மாதிரி பெரியவற்றில் லிங்க் செய்யும், அதாவது துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும், கட்டம் தனி. அதற்கு ஒரே நேரத்தில் ஒன்றிரண்டுதான் என்று அமைப்பிலேயே கட்டுப்பாடு போடலாம்.

விண்டோஸைப் பற்றிச் சுருக்கமாக. பில்ட் ஃபோல்டரை டிரைவின் அடியிலேயே ஒற்றை எழுத்துப் பெயரில் வையுங்கள், ஏனென்றால் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல கருவிகள் இன்னும் தடுக்கி விழுகின்றன. நீளப் பாதையை அனுமதிக்கும் அமைப்பு விண்டோஸ் 10இல் இருந்தாலும் எல்லாக் கருவியும் அதை மதிப்பதில்லை. பில்ட் ஃபோல்டரை வைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள், ஆனால் கட்டி முடித்த பேக்கேஜை வெளியிடும் முன் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். 'ஆக்ஸ்' (aux), 'கான்' (con) போன்ற, விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய பெயர்களில் சோர்ஸ் கோப்பு இருந்தால் விண்டோஸ் திண்டாடும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸிலும் கிடையாது, மேக்கின் வழக்கமான அமைப்பிலும் கிடையாது, லினக்ஸில் உண்டு. மூன்றிலும் ஓட வேண்டிய ரெசிபியை முதலில் விண்டோஸில் ஓட்டிப் பார்ப்பது நல்லது, அங்கே தாண்டிவிட்டால் மற்ற இரண்டில் சுலபம்.

அடுத்தது, எதை முதலில் கட்டுவது என்ற வரிசை. இதில்தான் அதிக நேரம் போகும், இதில்தான் தமிழுக்கென்று வேலை செய்பவர்கள் நிறைய அடிபடுகிறார்கள். யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு (ICU) லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பதிப்பு ஒவ்வொன்றிலும் அதன் பைனரி பெயரே மாறுகிறது, 74 போட்டுக் கட்டியது 75ஐத் தொட்டுப் பார்க்காது. ஆகவே ஐசியுவை உயர்த்தினால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், அவற்றைப் பிடித்திருப்பவற்றையும் பல சமயம் கட்ட வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான்: மேல்மடை நிறைந்தபிறகுதான் கீழ்மடை, கடைமடைக்குப் போய்ச் சேரும் வரை நடுவில் யாரும் மதகைத் திருப்பக் கூடாது. அப்படி ஒரு பெரிய மாற்றத்தைத் தனிக் கிளையில் எடுத்துச் செல்லுங்கள், மூன்று இயங்குதளத்திலும் கடைசிப் பேக்கேஜ் வரை பச்சை வந்தபிறகு மொத்தமாக ஒரே தடவையில் வெளியிடுங்கள். பாதியை மட்டும் வெளியிட்டால் பயனர் கணினியில் புது ஐசியுவும் பழைய எழுத்துணரியும் உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று தெரியாது என்று சொல்லும்.

ஃப்ரீடைப் (எழுத்துருவிலிருந்து எழுத்தை வரையும் லைப்ரரி), ஹார்ஃப்பஸ் ஜோடி இன்னும் சிக்கல். தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக அடுக்குவது ஹார்ஃப்பஸ். 'கொ' என்று எழுதினால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. ஹார்ஃப்பஸ்ஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும், ஃப்ரீடைப்பின் முழு வசதிக்கும் ஹார்ஃப்பஸ் வேண்டும். வழக்கமாகச் செய்வது: முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப், அதை வைத்து ஹார்ஃப்பஸ், அப்புறம் ஹார்ஃப்பஸ்ஸோடு மறுபடி ஃப்ரீடைப். முதல் ஃப்ரீடைப் வெளியே போய்விடாமல் இருக்க அதற்கு வேறு பெயர் கொடுத்து, வெளியிடும் பட்டியலில் இடமே தராதீர்கள். கடைசியில் ஒரு சோதனை வையுங்கள்: 'கொ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' நான்கையும் மூன்று இயங்குதளத்திலும் படமாக வரைந்து, சரியென்று முன்பே கண்ணால் பார்த்து வைத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். லைப்ரரியின் சொந்த டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக இருந்தும் எழுத்து உடைந்து வருவது நடக்கக் கூடியது, படித்துப் பார்க்கும் குழந்தைக்கு உடைந்த எழுத்துதான் தெரியும்.

தோல்விகளுக்கு மூன்று பெயர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மெஷின் காரணம், சோர்ஸ் கிடைக்கவில்லை, பேக்கேஜ் காரணம். முதல் இரண்டுக்கு மட்டும் தானாக மறுமுயற்சி, அதுவும் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பேக்கேஜ் காரணம் என்றால் மறுமுயற்சியே கூடாது. "மூன்றாம் தடவை ஓடிவிட்டது" என்ற பேக்கேஜில் அநேகமாக ஒரு ரேஸ் (எந்த வேலை முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) உட்கார்ந்திருக்கிறது, அது பயனர் கணினியிலும் விழலாம். டெஸ்டை அணைத்துவிட்டு வெளியிடத்தான் வேண்டும் என்றால், யார் அணைத்தார், ஏன், எந்தப் பதிப்பு வரை என்று ரெசிபியிலேயே எழுதட்டும்.

வட்டு நிறைவதற்கு எழுபது சதவீதத்திலேயே எச்சரிக்கை வையுங்கள். ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஒதுக்கும் பதிவு) கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் எழுத முடியாது. தோற்ற பில்ட்டின் ஃபோல்டரை ஒரு வாரம் வையுங்கள், வென்றதை உடனே அழித்துவிடலாம்.

பேக்கேஜில் டிஜிட்டல் கையெழுத்திடும் ரகசியச் சாவி எந்த பில்ட் மெஷினிலும் இருக்கக் கூடாது. மெஷின் கட்டும், செக்சம்மை அனுப்பும், வேறொரு இடத்தில் வேறொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். வெளியிட்ட பேக்கேஜ்களின் களஞ்சியமும் டெல்டாவுக்கு வெளியே ஒரு சர்வரில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன என்று பார்த்தவர்கள் நாம். அந்த மாதிரி நேரத்தில் புதுப் பேக்கேஜ் கட்டாமல் இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே வெளியிட்டதை இறக்கிக்கொள்ள வருகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். ஐசியு மாதிரி பெரிய மாற்றங்களையும் ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள்; தை பிறந்தபிறகு ஆரம்பித்தால் நிம்மதியாக முடிக்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் புரட்டாசியில், ஒரு மெஷினை முழுதாக அழித்துவிட்டு ஒன்றுமில்லாத நிலையிலிருந்து திரும்ப அமைத்துப் பாருங்கள். இப்போது அமைக்கிறவர் அதை முதலில் அமைத்தவராக இருக்கக் கூடாது. முதலில் அமைத்தவர் பக்கத்தில் உட்காரட்டும், கேட்டாலொழிய வாயைத் திறக்க வேண்டாம். புதியவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடம் குறிப்பில் எழுதப்படாமல் விட்டுப்போன இடம், அங்கேயே நிறுத்தி எழுதிவிட்டு மேலே போங்கள். மெஷின் தயாரானதும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், ஐசியு மூன்றையும் அதில் கட்டி, பழைய மெஷினில் கட்டியதோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். நேரமுத்திரையால் வித்தியாசம் வந்தால் சோர்ஸின் தேதியையே பில்ட் தேதியாகக் கொடுக்கும் மாறியை ரெசிபியில் அமைத்து மறுபடி கட்டுங்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியும் வரை அந்த மெஷினை வரிசையில் சேர்க்காதீர்கள்.